நாற்பது நாள் மருந்து

மேகநோய் என்னும் பால்வினை நோய்க்கு மருந்து கொடுப்பதில் வைத்தியரான மாமனாருக்கு இணை மாமனாரே. வாசல் பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது, எழுதியவரும் அவரே. பறங்கிப்பட்டை வேரைப் பாலாவியில் வேகவைத்து, இடித்து, சலித்து, தேனில் குழைத்துத் தருவார். தருவதற்கு முன் ஒழுக்கம் பற்றி அரை மணி நேரம் பேசுவார். புண்ணைவிடப் பேச்சுதான் எரிகிறது என்று வந்தவர்கள் சொல்வதுண்டு.

அந்த மருந்தை அவருடைய மகனும் நாற்பது நாள் சாப்பிட்டான். வெளியூர் வேலைக்குப் போனவன் சம்பாதித்து வந்தது அந்த நோய். புண் ஆறியது; குணம் என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். இப்போது, ஐந்து மாதக் கர்ப்பிணியான மருமகள் தன் ரத்தப் பரிசோதனைச் சீட்டை மருந்து அரைக்கும் கல்வத்தின் மேல் வைத்தாள்.

“எனக்கு இன்னிக்கே ஊசி போடணுமாம் மாமா. இவரும் போட்டுக்கணும். இல்லேன்னா எனக்குத் திரும்ப வரும், பிள்ளையையும் பிடிக்கும்னு நர்ஸம்மா சொன்னாங்க.”

“அந்த நர்ஸ் பொறக்கறதுக்கு முன்னாடியே இந்த வேர் இருந்துச்சும்மா.”

“நோயும் இருந்துச்சு மாமா.”

கணவன் சுவரிடம் சொன்னான்: “அதான் புண்ணு ஆறிடுச்சே.”

“அது தானாவே ஆறுமாம். நோய் உள்ள போய்ப் பாய் விரிச்சுப் படுத்துக்குமாம்.”

மாமனார் குரலைத் தாழ்த்தினார். “என் மகனே ஊசிக்கு வரிசையில நின்னா, நான் எந்த மூஞ்சியோட வைத்தியம் பண்றது? நீயும் நாப்பது நாள் சாப்பிடு. உப்பு, புளியை விடு. பேச்சையும் விடு.”

அவள் சீட்டை எடுத்துக்கொண்டு முன்னறைத் திரையை விலக்கினாள். பெஞ்சில் ஏழு பேர். ஏழு பேரும் தரையைப் பார்த்தபடி.

“அண்ணன்மாரே, வைத்தியரோட சொந்த மகன் இந்த மருந்தை நாப்பது நாள் சாப்பிட்டாரு. அவரு நோய் இப்ப என் ரத்தத்துல இருக்கு. இதோ சீட்டு.”

யாரும் சீட்டைப் படிக்கவில்லை. மீசைக்காரர் ஒருவர் செருப்பைத் தேடினார்.

“பித்தம் தலைக்கேறிடுச்சு, மாசமா இருக்கா இல்ல,” என்று வைத்தியர் சிரித்தார்.

இரண்டாமவர் எழுந்தார். மூன்றாமவர் அவளிடமே கேட்டார்: “ஆஸ்பத்திரி எத்தனை மணி வரைக்கும்மா?”

“பன்னெண்டு வரைக்கும். இங்கயேதான் நிக்கறேன், கேக்கறவங்க கேளுங்க.”

வைத்தியர் மகனைத் தோளில் பிடித்துத் தள்ளினார். “டேய், இவளைக் கூட்டிக்கிட்டுப் போய்த் தொலை. ஊசியோ கடப்பாரையோ, எதை வேணா குத்திக்க. இங்க மட்டும் நிக்க விடாதே.”

“பின்பக்கமா போயிடலாம்,” என்றான் கணவன்.

“முன்பக்கமாவே நடங்க. இந்த அண்ணன்களுக்கும் வழி தெரியணும்.”