மக்காச்சோளத்துக்குள் மான்குட்டி

வாலிகண்டபுரத்தை அடுத்த கலைமணியின் மக்காச்சோளக் காட்டில் புள்ளிமான்கள் அடிக்கடி புகுந்து மேய்ந்தன. கண்ணி வைத்துப் பிடித்துவிட வேண்டும் என்ற கோபத்தில், கலைமணி பெரம்பலூர் நூலகத்திலிருந்து ஒரு பழைய வேட்டைக்காரர் எழுதிய புத்தகத்தை எடுத்துவந்தான். கண்ணியைப் பற்றித் தேடிப் புரட்டியவன், மான்கள் எப்படி வாழ்கின்றன என்ற பக்கங்களையும் விடாமல் படித்துவிட்டான்.

மறுநாள் காலை மாட்டுக்குப் புல் அறுக்கப் போன அவன் மனைவி கவியா, பயிருக்குள் ஒரு மான்குட்டி அசையாமல் படுத்திருப்பதைக் கண்டு அவனைக் கூப்பிட்டாள்.

“ஏங்க, தாய் இத வுட்டுட்டுப் போயிடுச்சு போல. வூட்டுக்குத் தூக்கிட்டுப் போயிப் பால் ஊத்துவோமா?”

“தொடாத! குட்டிய ஒளிய வெச்சுட்டுத்தான் தாய் மேயப் போவுமாம். அந்தப் புத்தகத்துல போட்டிருக்கு. நாம கிட்ட நின்னா அது வராது.”

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அவன் கண்ணி வைக்க நினைத்தது இந்தத் தாய்க்குத்தான்.

இருவரும் வீடு திரும்பி நாயைக் கட்டிப்போட்டார்கள். குட்டிக்குப் பசிக்குமே என்று கவியா மதியம் முழுக்கப் புலம்பினாள்.

பொழுது சாயும் நேரத்தில் தள்ளி நின்று பார்த்தார்கள். பெண்மான் ஒன்று காதை விடைத்தபடி வரப்பைத் தாண்டி வந்தது. குட்டி தள்ளாடி எழுந்து அதன் மடியை முட்டியது. கலைமணி மூச்சைக்கூட மெதுவாக விட்டான். தின்ற கதிர்கள் போகட்டும் என்று அவனுக்குத் தோன்றியது.

“நாளைக்கு இந்தப் பக்கம் தண்ணி பாய்ச்ச வேணாங்க,” என்றாள் கவியா.

“சரி. குட்டி நல்லா ஓடுற மட்டும் இந்த மூலை அதுக்கே கெடக்கட்டும்.”