மாஸ்டர் தைத்த தோள்வார்

விண்வெளியில் எடையில்லாமல் மிதப்பவர்கள் ஓடிப் பழக, ட்ரெட்மில்லோடு அவர்களை இழுத்துப் பிடிக்கும் தோள்வார் தையல் மாஸ்டரின் கைவேலை. தைத்தவரே அதை ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டு ஓடிப் பார்க்க வேண்டும் என்பது விதி. பத்தாவது நிமிடமே தோள் எரிந்தது. கழற்றி எறிந்துவிட்டு, 'ஒரு மணி நேரம், குறையில்லை' என்று கையெழுத்துப் போட்டுவிட்டார் மனுஷன்.

இன்று கட்டுப்பாட்டு அறைத் திரையில், விண்வெளியிலிருந்து பேசிய வீராங்கனை சிரித்தாள். இரண்டு தோளிலும் மருந்துக் கட்டு.

"வார்ல குத்தம் இல்லண்ணா, என் உடம்புதான் வீக்கு. பத்து நிமிஷம் தாண்ட மாட்டேங்குது. நீங்க எப்படி ஒரு மணி நேரம் தாங்குனீங்க?"

அறையிலிருந்த எல்லாரும் மாஸ்டரைப் பெருமையாகப் பார்த்தார்கள்.

"பழகிடும்மா" என்றது வாய்.