ஜூன் முப்பத்தொன்றில் பணியில் சேர்ந்தவள்

ஜூன் 31. கிழமை இல்லை.
இன்றைய பக்கத்தின் தலையில், பழக்க தோஷத்தில், ‘ஜூலை 1, புதன்’ என்று எழுதிவிட்டேன். தவறு. ஒற்றைக் கோடாக அடித்துத் திருத்தியிருக்கிறேன்.

அந்த ஆண்டு ஜூன் மாதத்துக்கு முப்பத்தொரு நாள் இருந்தது. செவ்வாய்க்குப் பிறகும் புதனுக்கு முன்பும், தனக்கென்று கிழமைப் பெயர் எதுவும் இல்லாமல் அந்த நாள் வந்தது. காலை ஐந்து ஐம்பதுக்கு விடிந்தது, மாலை ஆறரைக்கு இருட்டியது. வெயில் முந்தின நாள் அளவுதான். அன்று ஊரில் இரண்டு குழந்தைகள் பிறந்தன. அவர்களுக்கு வயதே ஏறவில்லை என்று பின்னாளில் சிலர் சொன்னது பொய். ஏறுகிறது, பிறந்தநாள் கொண்டாடத்தான் வழியில்லை.

மேலே உள்ள குறிப்பை எழுதியவள் ஒரு சலவைக்கடையில் வேலை பார்த்தவள். வருகிற துணிகளின் காலரில் எண் எழுதிய துண்டுத்துணியை ஊசியால் குத்துவது அவள் வேலை. கடையில் எல்லோரும் அவளைத் தேதிக்காரி என்றே கூப்பிட்டார்கள். எதிலும் தேதி எழுதிவைப்பாள். வீட்டு உப்பு ஜாடியில் திறந்த தேதி, கூடத்து விளக்கில் மாட்டிய தேதி, புருஷனின் செருப்புக்கு அடியில் வாங்கிய தேதி. கதவைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நான்காம் முறையும் இழுத்துப் பார்ப்பாள். இரண்டு ஆண்டுகள், வாரத்துக்கு மூன்று மாலை, ஒரு தொடக்கப் பள்ளியின் சின்னப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து குடிநீர்ப் பரிசோதனை வகுப்புப் படித்தாள். இருபத்தாறு பேர் சேர்ந்ததில் ஒன்பது பேர் முடித்தார்கள். ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் அன்று தான் செய்த தவறுகளை நோட்டில் எழுதுவாள். தவறே இல்லாத நாளில், எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று எழுதுவாள்.

நீரேற்று நிலையத்தின் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர் வேலைக்குத் தேர்வு எழுதினாள். தேர்வாகி, ஜூன் ஒன்பதாம் தேதி நியமனக் கடிதம் வந்தது. அது வந்த நேரத்தை எப்படிச் சொல்வது, கழுத்துவரை தண்ணீர் ஏறும்போது காலுக்குக் கல் கிடைத்த மாதிரி. அவள் புருஷன் வேலை பார்த்த லேத் பட்டறையை ஜூன் முப்பதோடு மூடப்போவதாக முதலாளி அறிவித்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அவளுக்கோ வயிற்றில் ஐந்தாம் மாதம். வீட்டில் மூன்று பேர், நாலாவது ஆள் வழியில். கடிதத்தைப் புருஷன் ஒரு முறை படித்தார், மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு முறை படித்தார், அக்கம்பக்கத்தார் வந்து கூட்டமாகப் படித்தார்கள். ஐந்தாம் முறை படித்தபோதுதான் தேதிக்காரியே அதைக் கண்டாள். ‘ஜூன் 31 அன்று காலை 9 மணிக்குப் பணியில் சேர வேண்டும். தவறினால் நியமனம் தானாக ரத்தாகும்.’

மறுநாளே அலுவலகத்துக்குப் போனாள். நியமனப் பிரிவு எழுத்தர் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். விரல் முட்டிகளை மடக்கி மாதங்களை எண்ணினார். இடது கையிலும் ஒரு முறை எண்ணினார்.

“ஆமாம்மா. ஜூனுக்கு முப்பதுதான்.”

“இதுல முப்பத்தொண்ணுன்னு இருக்கே சார்.”

“போன ஆர்டர் மே முப்பத்தொண்ணு. அதையே எடுத்து மாசத்தை மட்டும் மாத்தி அடிச்சிருக்கேன் போல.”

“அப்ப திருத்திக் குடுத்துடுங்க சார்.”

“எப்படிம்மா? பெரியவர் கையெழுத்துப் போட்டு சீல் வச்சாச்சு. திருத்தணும்னா ரத்து பண்ணணும். ரத்து பண்ணா மறுபடி விளம்பரம், மறுபடி பரீட்சை. உங்களுக்குப் பின்னால நாப்பத்திரண்டு பேர் நிக்கிறாங்க.”

“அப்ப நான் எந்தத் தேதிக்கு வரணும்?”

“லெட்டர்ல உள்ள தேதிக்கு வாங்க. ஒரு நாள் முன்னால வந்தா சேத்துக்க முடியாது. ஒரு நாள் பின்னால வந்தா ரத்து.”

“அப்படி ஒரு தேதியே கிடையாதே சார்.”

“அது எங்க செக்‌ஷன் இல்லம்மா. நாங்க நியமனம் மட்டும்தான்.” சொல்லிவிட்டு அவருக்கே சங்கடமாகிவிட்டது. தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

சலவைக்கடையில் வேலையை விடுவதானால் பதினைந்து நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பது விதி. ஆக ஜூன் பதினைந்துக்குள் அவள் முடிவு செய்தாக வேண்டும். அந்த நாள் வருமென்று நம்பிக் கையில் இருக்கிற வேலையை விடுவதா, வராதென்று முடிவுகட்டி வந்த வேலையை விடுவதா. வராமல் போனால் ஜூலை முதல் தேதி அந்த வீட்டில் இரண்டு பேருமே வேலையற்றவர்கள். பதினான்காம் தேதி சாப்பாட்டு நேரத்தில் பேச்சு அதில்தான் வந்து நின்றது.

“அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையால்ல இருக்கு” என்றார் மாமியார். “புருஷனைக் கைவிட்டாக்கூடப் பரவாயில்ல. சலவைக்கடையைக் கைவிடாத.”

“அம்மா, நான் இங்கதான் உக்காந்திருக்கேன்” என்றார் புருஷன்.

“தெரிஞ்சுதான் சொல்றேன்.”

புருஷன் தட்டிலிருந்து நிமிர்ந்தார். “மயிரிழை கூடிப்போனாலே பேரிங் உள்ள போகாது. ஒரு முழு நாளு எப்படிம்மா ரெண்டு தேதிக்கு நடுவுல போகும்?”

“சீல் வச்சிருக்காங்க அத்தை” என்றாள் தேதிக்காரி. அவளுக்கே அது போதுமான பதிலாகத் தோன்றவில்லை. நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து ‘வந்தால்’, ‘வராவிட்டால்’ என்று எழுதினாள். ‘வராவிட்டால்’ பக்கத்தில் பதினொரு வரிகள் சேர்ந்தன. ‘வந்தால்’ பக்கத்தில் ஒரே ஒரு வரி. ஆனால் அந்த ஒரு வரியை எழுதும்போதுதான் அவள் கை வேகமாக ஓடியது. அதையும் கவனித்துக் கீழே குறித்துக்கொண்டாள்.

பதினைந்தாம் தேதி காலை சலவைக்கடை முதலாளியம்மாவிடம் போய்ச் சொன்னாள். எந்தத் தேதியில் சேர்கிறாய் என்ற கேள்விக்கு “ஜூன் முப்பத்தொண்ணு அக்கா” என்றதும், இஸ்திரி மேசையில் நின்றவர் பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டுச் சிரித்தார். “நானும் இரவல் வாங்கின ஏணியை ஜூன் முப்பத்தொண்ணுக்குத் திருப்பித் தரேன்னுதான் சொல்லிட்டிருக்கேன்” என்றார். முதலாளியம்மா சிரிக்கவில்லை. கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்து, சீலின் மேல் விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் கவலையோடு கேட்டார்: “அன்னிக்குக் கடை உண்டா, லீவா?”

செய்தி அன்று மாலைக்குள் மூன்று தெரு தாண்டியது. முதலில் கேலி செய்தவர்கள், இரண்டு நாள் கழித்து, எதற்கும் இருக்கட்டும் என்று தனியாக வந்து கேட்டுப் போனார்கள். பல் வைத்தியர் முப்பத்தொன்றுக்கு எட்டுப் பேருக்கு நேரம் கொடுத்தார். வெகுநாளாகத் தூக்கம் பாக்கி வைத்திருந்த காய்கறிக்காரர் அன்று முழுக்கத் தூங்குவதாக அறிவித்தார். தன்னைக் கட்டிக்கொள்வாயா என்று கேட்ட டைப்பிஸ்டிடம் “ஜூன் முப்பத்தொண்ணுக்குச் சொல்றேன்” என்று பேச்சை முடித்திருந்த நர்ஸ், இரண்டு வாரம் வேறு வழியாக வேலைக்குப் போனாள். கேலிக்காக அந்தத் தேதியைச் சொல்லி வைத்தவர்கள் அந்த ஊரில் இத்தனை பேர் இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

இருபத்தைந்தாம் தேதிவாக்கில் அறிகுறிகள் தென்பட்டன. சுவரில் தொங்கிய நாட்காட்டியில் ஜூலைக்கு முன் இருக்க வேண்டியதைவிட ஒரு தாள் அதிகமிருந்தது. லேத்காரரான புருஷன் அளவு கருவியைக் கொண்டுவந்து தடிமனை அளந்து, ஆமாம், ஒரு தாள் என்றார். மாமியாரின் ரத்தக் கொதிப்பு மாத்திரை நாளுக்கு ஒன்று வீதம் முப்பது வாங்கியது. முப்பதாம் தேதி விழுங்கிய பிறகும் அட்டையில் ஒன்று மிச்சம் இருந்தது. ஒரு நாள் மறந்திருப்பீர்கள் என்று மகன் சொல்ல, மறக்கிறவள் நானா நீயா என்று அவர் தொடங்கி, அவன் மூன்றாம் வகுப்பில் தொலைத்த குடை வரைக்கும் போனார். ஆனால் அந்த மாத்திரையை எடுத்துத் தனியாகப் பத்திரப்படுத்தி, “நாளைக்கு ஆகும்” என்று சொன்னதும் அவர்தான். செவ்வாய் மாலை தேதிக்காரி கடைசித் துணியில் எண்ணைக் குத்தி, ஊசிப் பெட்டியை எண்ணி ஒப்படைத்துவிட்டு, சலவைக்கடையை விட்டு இறங்கினாள். பட்டறையிலிருந்து புருஷனும் கையெழுத்துப் போட்டுக் கணக்கு முடித்துக்கொண்டு வந்தார்.

விடிந்ததும் மூவரும் நாட்காட்டி முன்னால் நின்றார்கள். முப்பதைக் கிழிக்க மருமகளுக்குக் கை வரவில்லை. மாமியார்தான் சரக்கென்று கிழித்தார். அடியில் 31 இருந்தது. கிழமை போடும் இடம் வெள்ளையாக இருந்தது. வானொலியில் செய்தி வாசித்தவர் தேதியைச் சொல்லிவிட்டு, கிழமைக்கு உரிய நேரம் மௌனமாக இருந்து, பிறகு செய்திக்குப் போனார். தேதிக்காரிக்கு வயிற்றுக்குள் குழந்தை முதல் முறையாகப் புரண்டது. அது சந்தோஷமா பயமா என்று பிரித்துச் சொல்ல அவளால் ஆகவில்லை. நேரத்தை மட்டும் பார்த்து வைத்துக்கொண்டாள், ஆறு பன்னிரண்டு.

தெருவில் இறங்கினால் ஊரே பள்ளிக்கூடம் விட்ட மாதிரி இருந்தது. பேருந்து ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, இன்றைக்கு வேலைநாள் நேரப்படி போவதா விடுமுறை நேரப்படி போவதா என்று பயணிகளைக் கை தூக்கச் சொல்லி, பெரும்பான்மைப்படி வேலைநாளாகவே ஓட்டினார். இஸ்திரிக்காரர் தோளில் ஏணியோடு, எதிரே பார்த்தவரிடமெல்லாம் இது யாருடையது என்று கேட்டுக்கொண்டு போனார். லேத்காரருக்குச் செவ்வாயோடு வேலை போயிருந்தது. வேலையில்லாதவராக ஆவது புதனிலிருந்துதான்.

“அப்ப இன்னிக்கு நான் யாரு?” என்று கேட்டார், அவள் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தபடி.

“இன்னிக்கு நீங்க சும்மா.”

“நல்லாத்தான் இருக்கு” என்றார் அவர். கல்யாணமான நான்கு ஆண்டுகளில், வேலைநாள் காலை வெளிச்சத்தில் இருவரும் சேர்ந்து நடந்தது அதுதான் முதல் தடவை. பாதி வழியில் அவள் நின்றாள். கதவைப் பூட்டினோமா என்றாள். வீட்டில் அம்மா இருக்கிறார் என்றார் அவர்.

நீரேற்று நிலையத்து வாசலில் காவலாளி அவளை உள்ளே விடவில்லை. அவரிடம் இருந்த பணிப் பட்டியல் முப்பதோடு முடிந்திருந்தது. “எனக்கே இன்னிக்கு டூட்டி இல்லம்மா. கால் பழக்கத்துல வந்துட்டேன். நான் இல்லாத கேட்ல உங்களை எப்படி விடுறது?” மணி எட்டு ஐம்பத்திரண்டு. எட்டு ஐம்பத்தைந்துக்கு எழுத்தர் வந்தார், ஓடி வந்தார், சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது. காவலாளியைப் பார்த்து, என் பொறுப்பு என்று சொல்லி அவளை மட்டும் உள்ளே கூட்டிப்போனார். பெரியவர் தன் அறையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நாளைப் பற்றி அவருக்கு ஆட்சேபணை இல்லை. வந்த நாள் வந்துவிட்டது. “ஆனா வருகைப் பதிவேட்டுல கட்டம் இல்லாம நான் எப்படிக் கையெழுத்து வாங்குவேன்?” என்றார்.

எழுத்தர் அந்த நீளப் பதிவேட்டை எடுத்துவந்து மேசைமேல் விரித்தார். அச்சடிக்கிறவர்கள் எந்த மாதத்துக்கும் ஒரே தாளைத்தான் அச்சடிப்பார்கள். எல்லாப் பக்கத்திலும் முப்பத்தொரு கட்டம். முப்பது நாள் மாதம் பிறந்தால் கடைசிக் கட்டத்தின்மேல், மேலிருந்து கீழே, சிவப்பு மையில் ஒரு கோடு இழுப்பது நியமனப் பிரிவின் வேலை. ஏப்ரலில் இழுத்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில், எல்லா ஜூனிலும், இழுத்திருந்தது. இந்த ஜூனில் மட்டும் அந்தக் கட்டம் மேலிருந்து கீழே வரை வெறுமையாக இருந்தது.

“ஏன் இழுக்கல?” என்றார் பெரியவர்.

எழுத்தர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “ஒண்ணாம் தேதி சிவப்பு மை தீர்ந்திருந்தது சார். பத்தாம் தேதி இந்தம்மா வந்து கேட்டுட்டுப் போனாங்க. மறுநாள் மை வந்தது. அப்புறம் கை வரல.”

பெரியவர் பேனாவைத் திறந்து அவளிடம் நீட்டினார். கட்டம் அரை விரல் அகலம்கூட இல்லை. அவள் பெயரைக் குறுக்கி, கோட்டைத் தொடாமல், எட்டு ஐம்பத்தொன்பதுக்குக் கையெழுத்துப் போட்டாள். சரியான கட்டம்தானா என்று எழுத்தரிடம் ஒரு முறை கேட்டாள். சரியான கட்டம்தான். முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து அவள் ஓய்வு பெற்றபோது, பணிக்காலம் அந்தக் கட்டத்திலிருந்துதான் எண்ணப்பட்டது. எந்தப் பிரிவும் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

அன்று அவள் முதல் மாதிரியை எடுத்தாள். குழாய் வாயை நெருப்பில் சுட்டு, இரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, புட்டியின் கழுத்துவரை பிடித்து, சீட்டில் தேதி எழுதினாள். மருந்து சொட்டியதும் தண்ணீர் இளஞ்சிவப்பானது. குளோரின் அளவு சரியாக இருந்தது. வாசலில் காத்திருந்த லேத்காரரிடம் காவலாளி ஒரு வால்வின் தேய்ந்த தண்டைக் காட்டி, இதை யாரிடம் கடைசலுக்குக் கொடுப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார். பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. மாமியார் வாசலிலேயே நின்று, போன காரியம் என்னாச்சு என்று கேட்காமல், “பசிக்குதா?” என்று கேட்டார். பசித்தது. பிரசவத் தேதி ஒரு நாள் தள்ளிப்போகுமா என்ற விவாதம் சாப்பாடு முடியும்வரை நடந்து, டாக்டரிடமே கேட்பது என்று முடிவானது. பிறகு அவள் நோட்டை எடுத்து, தலைப்பைத் திருத்தி, அன்றைய பக்கத்தை எழுதினாள். கடைசி வரிகள் இவை:

நாளை ஜூலை 1, புதன். காலை ஆறரைக்கு மூன்றாம் தொட்டிக் குழாயில் மாதிரி எடுக்க வேண்டும். புட்டிகள் ஆறு. பேனா கொண்டுபோக வேண்டும்.