நாலு கால் பேராசிரியர்

1

இந்தக் கதை எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தொடங்கியபோது நான் கீழே தூங்கிக்கொண்டிருந்தேன். ஆனால் போன வாரம் ஒரு கல்யாணத்தில் என் அம்மா கூம்பா இதைச் சொன்னபோது, இல்லாத இரண்டு போலீஸ்காரர்களைச் சேர்த்துவிட்டாள். இந்த வீட்டில் புளுகுவது என் தொழில். ஆகவே எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரி: அட்லாண்டிக் கடலின் உப்புக்காற்று செனகலின் டாக்கர் நகரை வருடிக்கொண்டிருந்த... (அடித்துவிட்டேன். எங்கள் தெருவை வருடுவது டீசல் புகை.)

இரண்டாவது: பயணம் ஒரு மனிதனைப் பேச... (இதுவும் வேண்டாம். லிம்பானியின் வாயைப் பயணம் முதலில் பூட்டித்தான் வைத்தது.)

2

லிம்பானி மலாவியிலிருந்து வந்த கல்லூரி மாணவன். பிரெஞ்சுப் பாடத்தில் அங்கே அவன்தான் முதல். ஓர் ஆண்டு இங்கே படித்து, பேச்சைத் தீட்டிக்கொண்டு வரச்சொல்லி அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் தங்கினான். எழுதினால் நீதிபதியின் தீர்ப்பு மாதிரி இருக்கும். பேசச் சொன்னால் வியர்த்துவிடுவான். வந்த புதிதில் அவன் உச்சரிப்பைக் கேட்டு வகுப்பில் யாரோ சிரித்திருக்கிறார்கள்.

அம்மா எது கேட்டாலும் தலையாட்டுவான். "இன்னும் கொஞ்சம் சோறு?" ஆட்டுவான். "போதுமா?" அதற்கும் ஆட்டுவான். இப்படியே நன்றாகப் பெருத்துப்போனான்.

தபாஸ்கி என்று இங்கே சொல்லும் பக்ரீத் பண்டிகைக்காக அம்மா ஒரு செம்மறிக் கிடா வாங்கி மாடியில் கட்டினாள். தீனி போடுவது லிம்பானியின் பொறுப்பு. அதனிடம் மட்டும் அவன் பிரெஞ்சு பேசினான். அது சிரிக்கவில்லை, திருத்தவும் இல்லை. 'பேராசிரியர்' என்று பெயர் வைத்தான்.

"அறுக்கப்போற ஆட்டுக்கு எவனாச்சும் பேர் வைப்பானாடா?" என்றாள் அம்மா.

தலையாட்டினான்.

3

பண்டிகைக்கு முந்தின நாள் காலை, மாடியில் கயிறு மட்டும் கிடந்தது. தெருக்கதவு திறந்திருந்தது.

(இங்கே என் நாயகனைச் சந்தேகிக்கிறேன். காற்றில் முடிச்சு அவிழ்ந்தது என்று இன்றும் சாதிக்கிறான். அம்மா போடும் முடிச்சை அம்மாவாலேயே அவிழ்க்க முடியாது. 'அவன்தான் அவிழ்த்து...' என்று ஒரு வாக்கியம் தொடங்கினேன். சாட்சி இல்லாததால் அப்படியே விடுகிறேன்.)

"காத்தோ நீயோ, எனக்குத் தெரியாது. ஆட்டோட வா!" என்று வாசலைக் காட்டினாள் அம்மா.

கயிற்றை எடுத்துக்கொண்டு, தெருமுனையில் டயருக்குப் பஞ்சர் ஒட்டும் லாத்திரிடம் போய் நின்றான். பிழையே இல்லாத ஒரு நீண்ட பிரெஞ்சு வாக்கியத்தைச் சொல்லி முடித்தான்.

"ஏம்ப்பா, கோர்ட்டுலயா நிக்கிறே?" என்றார் லாத்திர். "எங்க ஊர் பேச்சுல சொல்லு."

லிம்பானி தனக்குத் தெரிந்த வோலோஃப் சொற்களையெல்லாம் வாரிக் கொட்டினான். "ஆடு! என் ஆடு! ஓடு போச்சு! அம்மா என்னை அறு!"

லாத்திர் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். ஆனால் சிரித்தவர்கள் அத்தனை பேரும் கையை நீட்டி வழி காட்டினார்கள்.*

* அதற்கு முன் சிரித்தவர்கள் யாரும் அவனுக்கு வழி காட்டியதில்லை. இதை அவனே சொன்னான். அழகாக இருந்ததால் அடிக்கவில்லை.

4

பெரிய சாலையோரம் ஆட்டுச் சந்தை. நூற்றுக்கணக்கான கிடாக்களுக்கு நடுவே பேராசிரியர் ஓசியில் மேய்ந்துகொண்டிருந்தார்.

"உன்னுதுதான்னு எப்படி நம்புறது?" என்றார் வியாபாரி.

லிம்பானி எதிரே உட்கார்ந்து, பிரெஞ்சு வினைச்சொற்களை ஒவ்வொரு காலத்திலும் ஒப்பிக்கத் தொடங்கினான். மற்ற ஆடுகள் நகர்ந்துபோயின. பேராசிரியர் மட்டும் அங்கேயே படுத்துக் கண்ணை மூடினார்.

"இதையெல்லாம் பொறுத்துக்குதுன்னா உன்னுதேதான். எனக்கு வித்துடுறியா?"

"வித்துடு இல்ல! அது என் ஆளு!"

"அப்போ நாளைக்கு அறுக்க மாட்டியா?"

லிம்பானி அதை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் மகனாக நினைத்துச் சோறு போட்டவள் வாசலில் நிற்கிறாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

வழியெல்லாம் விசாரித்தார்கள். எல்லோருக்கும் தப்புத் தப்பாகப் பதில் சொன்னான். வீட்டில் எங்களுக்கு ஆடு தெரியும் முன்பே அவன் குரல்தான் கேட்டது.

"யாருடி அது, இவ்வளவு வாயடிக்கிறது?" என்றாள் அம்மா என்னிடம்.

5

பண்டிகைத் தொழுகை முடிந்தது. அறுத்தபோது லிம்பானி மாடியில் இருந்தான். இறங்கி வந்தபோது கண் சிவந்திருந்தது. அம்மா அவனை, வெங்காயக் குழம்பும் சுட்ட ஈரலும் வைத்த பெரிய தட்டருகே தன் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

முடிவு அ: சாப்பிடவில்லை, அன்று முதல் கீரைதான். (ஒரு பதிப்பாசிரியருக்குப் பிடித்தது.)

முடிவு ஆ: சாப்பிட்டான், எலும்பையும் விடவில்லை. (அம்மாவின் முடிவு. போலீஸ்காரர்களும் வந்து சாப்பிட்டார்கள்.)

மலாவியில் இப்போது பிரெஞ்சு ஆசிரியராக இருக்கும் அவனையே போனில் கேட்டேன்.

"நான் சாப்பிட்டேன்னு எழுது, அம்மா சந்தோஷப்படுவாங்க," என்றான். "ஆடு உயிரோட இருக்குன்னும் எழுது."

"ரெண்டும் எப்படிண்ணே?"

"எழுத்தாளர் நீதானே?"

என்னால் முடியவில்லை. தட்டு நடுவில் இருக்கிறது. லிம்பானி கையை நீட்டியிருக்கிறான், அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மீதியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். சீக்கிரம், ஈரல் ஆறிப்போனால் அவள் திட்டப்போவது உங்களைத்தான்.