ஆணிக்குக் கத்தும் மெஷின்

சவப்பெட்டி பாதிக் குழிக்குள் இறங்கியிருந்தபோது டாய்ல் மூச்சிரைக்க ஓடிவந்தான். அவன் கையில் ஒரு கட்டு ஆரஞ்சுக் கொடிகள். அவற்றின் கம்பிகளில் ஈரச் செம்மண் ஒட்டியிருந்தது.

லவீனியா குழிக்குள் இறங்கும் கணவரை விட்டுவிட்டு அந்தக் கொடிகளைப் பார்த்தாள்.

"பிடுங்கிட்டாங்க, மிஸ் லவீனியா. எல்லாத்தையும் பிடுங்கி வேலியோரமா வீசியிருக்காங்க. அவரைப் புதைக்கிற வரைக்கும்கூடப் பொறுக்கல."

"எத்தனை?"

"நாப்பத்தாறு. ஒண்ணு விடல."

நாற்பத்தாறு கொடி என்றால் மண்ணுக்குள் இருபத்துமூன்று பேர். தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. இரண்டு வருஷச் சனிக்கிழமைகளைச் செலவழித்து, ஒரு கரண்டி மண்ணைக்கூடத் தோண்டாமல், உலோகம் தேடும் மெஷினை மட்டும் வைத்து, மெட்காஃபின் சரிவு நிலத்தில் அவள் கணவர் கிளியோ நட்டு வைத்தவை. அந்தச் சரிவில்தான் அவருடைய பாட்டியின் பாட்டி கிடக்கிறாள் என்று குடும்பத்தில் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அடிமைகளுக்கு யார் கல் நட்டார்கள்? அரசு நில அலுவலகத்தில் கேட்டால், காகிதத்தில் அங்கே இடுகாடு என்று ஒன்றும் இல்லை என்றார்கள். வரும் திங்கட்கிழமை புல்டோசர் வருகிறது. வீடுகள் கட்டப்போகிறார்களாம்.

பெட்டி தரையைத் தொடும்வரை லவீனியா நின்றாள். ஒரு பிடி மண் போட்டாள். பிறகு பாதிரியாரிடம், "எல்லாரையும் கூட்டிட்டுப் போய்ச் சாப்பிடச் சொல்லுங்க. கோழி ஆறிடும். எனக்கு ஒரு வேலை இருக்கு," என்றாள்.

காரை டாய்ல் ஓட்டினான். பதினைந்து வருஷமாக வர்ஜீனியாவின் வயல்களில் கிளியோவோடு சேர்ந்து, ஆளுக்கொரு மெஷினோடு, உள்நாட்டுப் போர்க்காலத் தோட்டாவும் பட்டனும் தேடித் திரிந்தவன் அவன். அப்படித் தேடுகிறவர்களின் சங்கத்தில் எல்லோரும் கிளியோவை "ஆணிக்காரர்" என்று கேலி செய்தபோது அவனும் சிரித்திருக்கிறான். லவீனியாவும் சிரித்திருக்கிறாள்.

இரண்டு வருஷம் முன்பு, புது மெஷின் வாங்கும்முன், கிளியோ சமையலறை மேஜையில் இரண்டு மெஷின்களின் படங்களை வைத்துக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுக்க யோசித்தார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் அவள். "ஒண்ணு என்ன உலோகம்னு நம்பர் காட்டுது, ஆணின்னா வாயை மூடிக்குது. இன்னொண்ணு எதுக்கெடுத்தாலும் கத்துது."

"எனக்கு ஆணிதான் வேணும், லவி."

"கிறுக்கா உங்களுக்கு?"

"நம்ம செம்மண்ணே பாதி இரும்பு. நம்பர் மெஷின் ஒரு சாண் ஆழத்துல குழம்பிப் போயிடும். இந்தப் பல்ஸ் மெஷின் இருக்கே, மண்ணுக்குள்ள ஒரு துடிப்பை அனுப்பிட்டு, கப்சிப்னு இருந்து, திரும்பி வர்றதைக் கேக்கும். மண்ணால அதை ஏமாத்த முடியாது." பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "அவங்களைப் பித்தளைப் பட்டன் வச்சா புதைச்சாங்க? நாலு பலகை, பத்து ஆணி. அந்த ஆணியையும் கேக்கமாட்டேன்னு சொல்ற மெஷினை வச்சு நான் என்ன பண்ண?"

அவள் அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை.

சரிவின் மேலே மெட்காஃப் தன் வண்டியில் சாய்ந்து நின்றார், தலையில் அகலத் தொப்பியோடு. காலையில்தான் அவர் வீட்டிலிருந்து அனுதாப அட்டையோடு, சாவு வீட்டுச் சாப்பாட்டுக்கென்று ஒரு பெரிய பன்றித்தொடை வந்திருந்தது. அனுப்பிய கையோடுதான் கொடிகளையும் பிடுங்கச் சொல்லியிருக்கிறார்.

"லவீனியா, இன்னைக்கா? போ, போய் உன் ஆளுங்களோட இரு."

"மிஸஸ் டிப்ஸ்."

"என்ன?"

"என் பேரு மிஸஸ் டிப்ஸ். என் ஆளுங்களோட இருக்கத்தான் வந்திருக்கேன்."

மெட்காஃப் பெருமூச்சு விட்டார். "கிளியோ நல்ல மனுஷன். ஆனா அது பழைய வேலி ஆணிங்க. இல்லைன்னா அதுவும் கிடையாது. டாய்ல், உன் மெஷினை ஓட்டிக் காட்டுப்பா."

டாய்ல் ஓட்டினான். கொடி பிடுங்கிய துளை ஒன்றின் மேல் நான்கு தடவை வீசினான். சத்தமே இல்லை. மெட்காஃப் சிரித்தார்.

"இது ஆணிக்கு வாயைத் திறக்காதுங்க," என்றான் டாய்ல், நிலத்தைப் பார்த்தபடி. "அப்படித்தான் செஞ்சிருக்காங்க."

லவீனியா காரின் பின்கதவைத் திறந்து கிளியோவின் மெஷினை எடுத்தாள். பேட்டரி நிறைந்திருந்தது. செவ்வாய்க்கிழமை அவர் செத்தார். முந்தின இரவுதான் சார்ஜில் போட்டிருக்கிறார். ஒரு நிமிஷம் அவளால் நிமிர முடியவில்லை.

சாவுக்குப் போட்ட குதிகால் செருப்பு மண்ணில் புதைந்தது. கழற்றி எறிந்துவிட்டு நடந்தாள். ஹெட்போனில் மெல்லிய ஒரே ரீங்காரம். துளைக்கு மேலே மெஷினின் அடியிலுள்ள வட்டத் தட்டை வீசியதும் அந்த ரீங்காரம் கனத்து, தாழ்ந்து, மறுபடி எழுந்தது. கொடியை நட்டாள். கிழக்கே ஆறடி தள்ளி அதே சத்தம். அங்கேயும் ஒன்று. டாய்ல் கொடிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே பின்னால் வந்தான். நான்கு ஜோடி நட்டார்கள்.

"வேலின்னா ஒரே கோடா ஓடும், மிஸ்டர் மெட்காஃப். தலை மேற்க, கால் கிழக்கன்னு பக்கத்துப் பக்கத்துல படுத்துக்குமா? இப்பத்தான் என் புருஷனை இப்படிப் படுக்கவச்சுட்டு வந்திருக்கேன்."

"யாரு வேணும்னாலும் கொடி நடலாம்," என்றார் அவர்.

அவள் ஐந்தாவது இடத்துக்கு நகர்ந்தாள். தலைமாட்டுக் கொடி நட்டாள். கிழக்கே போனாள். மூன்றடியிலேயே சத்தம் வந்துவிட்டது. தவறோ என்று மறுபடி வீசினாள். மூன்றடிதான். ஆறடி வரை போய்ப் பார்த்தாள். வெறும் மண்.

கொடியை நீட்டிய டாய்லின் கை அப்படியே நின்றது. அவனுக்கும் புரிந்துவிட்டது. மூன்றடிப் பெட்டியில் பெரியவர் யாரையும் படுக்கவைக்க முடியாது.

லவீனியா ஹெட்போனைக் கழற்றி மெட்காஃபிடம் நீட்டினாள்.

"இங்க வாங்க. நீங்களே கேளுங்க."

அவர் டாய்லைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் வந்தார். ஹெட்போனை மாட்டத் தொப்பி இடைஞ்சலாக இருந்தது. அதைக் கழற்றினார்.

அவள் தட்டை மெதுவாக வீசினாள். முதல் கொடி. பிறகு மூன்றடி தள்ளி இரண்டாவது. பிறகு மறுபடி முதல் கொடி.

அவர் ஹெட்போனைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தார். தொப்பி தலைக்குத் திரும்பவில்லை, சாவுக்கு வந்தவர்போல் கையிலேயே பிடித்திருந்தார்.