தூக்கிவிட ஒரு கை

குழந்தை பிறந்த அன்றே இறந்துபோனபின், மேகலாவும் ஜோசுவாவும் ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு அயலார் போல ஆனார்கள். அழுகை வரவில்லை. சண்டையும் வரவில்லை. சோறு வெந்தது, துணி காய்ந்தது.

அந்த மரத்துப்போன நாட்களில்தான், ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் ஜோசுவா ஈரத்தோலைத் தனியாகத் தூக்கினான். தண்ணீர் குடித்த தோல் கல்லாய்க் கனக்கும். இந்த முனைக்கு ஒருவர், அந்த முனைக்கு ஒருவர் பிடிப்பதுதான் வழக்கம். கூட்டாளி சீனிவாசன் டீக்குப் போயிருந்தான். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடத் தோன்றவில்லை. வலது புஜத்தில் சதை கிழிந்தது.

காயம் ஆறியதும் பிசியோதெரபிஸ்ட் ரஃபத் ஜஹான் பயிற்சி சொல்லித் தந்தாள். தண்ணீர் பாட்டிலைப் பிடித்த வலது கையை மேகலா தோள்வரை தூக்கிவிட வேண்டும். மெதுவாக இறக்குவது மட்டும் ஜோசுவாவின் வேலை.

"இறக்குறதுல இன்னா மேடம் இருக்குது? மூச்சே வாங்கல."

"அதாங்க விஷயம். தூக்குறப்ப சதை சுருங்கும், சக்தி ஜாஸ்தி செலவாவும். இறக்குறப்ப பிடியை விடாமயே நீளும். செலவு கம்மி, தாங்குற பலம் ஜாஸ்தி. ஆனா வெடுக்குனு விட்டீங்கன்னா மறுபடி கிழிஞ்சிடும்."

மேகலா தினமும் மாலையில் தூக்கிவிட்டாள். அவன் கை தேறியதும் அரக்கோணத்துக்கு ரயிலேறி அம்மா வீட்டுக்கே போய்விடுவதென்று முடிவு செய்திருந்தாள். திரும்பி வரும் எண்ணமில்லை. அவனிடமும் சொல்லியாயிற்று. "சரி" என்றிருந்தான். அவன் கையைப் பிடிக்கும்போது அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை; பாத்திரத்தை எடுத்து வைப்பது போலத்தான்.

அடுத்த முறை போனபோது, ஜோசுவா வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருக்க, ரஃபத் சிரித்தாள்.

"இன்னுமா நீங்க தூக்கிவிடுறீங்க, அக்கா? அவரே இடது கையால தூக்கிக்கலாம்னு அன்னிக்கே சொன்னேனே! ஓ, நீங்க மருந்து வாங்கப் போயிருந்தீங்க. சார்கிட்டதான் சொன்னேன்."

மேகலா வீட்டுக்கு வந்து பையில் புடவைகளை அடுக்கினாள். கோபமும் இல்லை, அவசரமும் இல்லை. மாலையில் ஜோசுவா பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். இடது கை மடியில் சும்மா கிடந்தது.

"அந்தக் கைக்கு இன்னா, நோவுதா?"

அவன் தலை குனிந்தது. "மேடம் சொல்ட்டாங்களா?"

"நீங்க ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ அன்னிக்கே போய்ட்டிருப்ப." பாட்டிலையே பார்த்துக்கொண்டு பேசினான். "நீ என்னைத் தொடுறதே இதுக்குத்தான், மேகலா. தனியாத் தூக்கிப் பாத்துட்டேன். முடியல."

இப்போதாவது அழுகை வருமென்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. பையை மூடாமல் எழுந்து வந்து, அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தோள்வரை தூக்கினாள். வழக்கமாக அங்கே விட்டுவிடுவாள். இன்று விடவில்லை. புஜம் நடுங்கி நடுங்கி நீள, பாட்டில் இறங்கியது. அவள் கையும் கூடவே இறங்கியது.

"மெதுவா," என்றாள். "ரயிலா புடிக்கணும் நமக்கு?"