வரலாற்றில் உட்கார்ந்திருந்தவர்

1

இதை எழுத எனக்கு ஆசையே இல்லை. எங்கள் ஊர் ஓவியப் பள்ளிக்கு ஐம்பது வயதாகிறதாம். ஆண்டு மலருக்கு வரலாறு வேண்டும், நான்தான் கதை எழுதுகிறவள் என்று பள்ளி முதல்வர் என் தலையில் கட்டிவிட்டார்.

முதல் வரி: 'கலைத்தாகம் கொண்ட சான்றோர் சிலர்...' (அடித்துவிட்டேன். சான்றோர் யாரும் இல்லை.)

இரண்டாவது: 'ஒரு சைக்கிள் கடை மாடியில், ஏழு மாணவர்களோடு...'

இது உண்மை. ஆகவே முதல்வருக்குப் பிடிக்கவில்லை. "சைக்கிள் கடையெல்லாம் எதுக்கும்மா? நாலு மாடிக் கட்டடத்துல ஆரம்பிங்களேன்."

வரலாற்றைக் கடைசியிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம்!

2

மாடி அறை, பிறகு கீழே இருந்த கடை, பிறகு பக்கத்து மரக்கிடங்கு, பிறகு புதுக் கட்டடம். பள்ளி வளர்ந்த கதை இவ்வளவுதான் என்று முடித்திருக்கலாம். சாமான் அறையைத் திறந்து தொலைத்தேன். அலமாரி நிறையக் கரிக்கோல் ஓவியச் சுருள்கள். எல்லாவற்றிலும் நாற்காலியில் ஒரே பெண். ஒன்றில் இருபத்தைந்து வயது. இன்னொன்றில் காதோரம் நரை.

(பக்கத்து வீட்டுக்காரி என்று மாற்றி எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவர் என் மாமியார்.)

அந்தப் பள்ளி ஆபீசில் அவர் குமாஸ்தாவாக இருந்தார் என்றுதான் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

3

"அத்தை, அங்கே நீங்க நிஜமா என்ன வேலை பார்த்தீங்க?"

மடித்துக்கொண்டிருந்த துணியை அத்தை கீழே வைத்தார். "பார்த்துட்டியா?"

"ஏன் சொல்லலே?"

"பத்துப் பதினஞ்சு பேர் உத்து உத்துப் பார்க்க உட்கார்ந்திருந்தேன்னு சொன்னா, உன் மாமனார் வீட்டுக்குள்ளே விட்டிருப்பாரா? அது என்ன சும்மா வேலையா? மூக்கு அரிச்சாலும் சொறியக் கூடாது. இருபத்தாறு வருஷம்!"

"எழுதட்டுமா?"

"எழுதித் தொலை. உன் புருஷன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து, மேசைமேல் கிடந்த என் காகிதங்களைக் கணவரே படித்துவிட்டார்.

4

இந்த இடத்தில் எல்லோரும் கட்டிக்கொண்டு அழுவதாக... (வேண்டாம். யாரும் அழவில்லை.)

"என்கிட்ட ஏம்மா மறைச்சே?"

"ஸ்கூல்ல உன்னைக் கேலி பண்ணுவாங்களேன்னு. அப்புறம் அதுவே பழகிப் போச்சு."

கணவர் செருப்பை மாட்டினார். (கோபித்துக்கொண்டு போகிறார் என்று ஒரு முடிவு வைத்திருந்தேன். அதையும் கெடுத்தார்.) "வாம்மா, போய்ப் பார்க்கலாம்."

சாமான் அறையில் முதல்வர் அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வேண்டாம் சார். உட்கார்ந்தது போதும்," என்றார் அத்தை. "மலர் அட்டையிலே என் படம்தான் வரணும். எதுன்னு நான் சொல்றேன்."

முதல்வர் என்னை முறைத்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

5

மூன்று மணி நேரம் ஆகிறது. மகன் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டுகிறார். அம்மா உதட்டைப் பிதுக்குகிறார். அச்சகக்காரர் நான்கு தடவை கூப்பிட்டுவிட்டார். கன்னம் பளபளக்கும் அந்த முதல் படத்தை அத்தை எடுப்பாரா, கண் களைத்த கடைசிப் படத்தையா? எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தோன்றுவதை நீங்களே எடுத்துக் கொடுங்கள். அவரிடம் கொடுங்கள், என்னிடம் வேண்டாம்.